அதிகாரம் எங்கும் இருக்கிறது என்றால் யாரை எதிர்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது என்கிறார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ. அதற்கு ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாமின் பனாப்டிகானைக் காட்டுகிறார்; தான் எப்போது பார்க்கப்படுகிறோம் என்பது கைதிக்குத் தெரியாதபடி திட்டமிட்ட சிறை அது. இன்று தெருவெல்லாம் கேமரா, கைகளில் எல்லாம் கைபேசி. அப்படியானால் நாம் எல்லோரும் அந்தச் சிறைக்குள்தான் இருக்கிறோமா, இருக்கிறோம் என்றால் யாரைப் பொறுப்பாக்குவது, யாரை எதிர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 'சொல்லாடல்' என்பது வெறும் பேச்சுக்கு வைத்த பெரிய பெயர்தானா என்று கடைசியில் ஒரு வரி. மேலோட்டமாகப் பார்த்தால் இவை மூன்று கேள்விகள். அடியில் இருக்கும் கவலை ஒன்றுதான்: அதிகாரம் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று சொல்லும் கோட்பாடு, அதிகாரம் செய்கிறவர்களைத் தப்பவிட்டுவிடாதா? நியாயமான கவலை. இருபது வருடங்களுக்கு மேலாகச் சமூகவியல் வகுப்பில் இந்த நூல்களை நடத்தி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் இந்த இடம் வரும்போது யாராவது ஒருவர் கை தூக்குவார்.

குழப்பத்தில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் அதிகாரம் என்றதும் அது ஒருவர் கையில் இருக்கும் பொருளாகத் தோன்றிவிடுகிறது. அதிகாரத்தைக் கைப்பற்றினார், அதிகாரம் பறிபோனது, அதிகாரத்தில் இருக்கிறார் என்றுதான் பேசுகிறோம். ஃபூக்கோ எழுதிய பிரெஞ்சில் இதற்கான சொல் 'புவ்வார்'. அது பெயராக வந்தால் அதிகாரம். வினையாக வந்தால் 'முடிதல்', 'இயலுதல்'. ஆகவே அந்த மொழியில் யோசிப்பவருக்கு, யாரால் என்ன செய்ய முடிகிறது, யாரை என்ன செய்யவைக்க முடிகிறது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அவருக்கு முன்பு சமூகவியலில் செல்வாக்கோடு இருந்தது ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் வரையறை: எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள ஒருவருக்கு உள்ள வாய்ப்பு. 1957இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் இதையே இன்னும் சுருக்கினார்: நானாகச் செய்யாத ஒன்றை நீங்கள் என்னைச் செய்யவைத்தால் உங்களுக்கு என்மேல் அதிகாரம் உண்டு. இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் இரண்டிலும் நீங்களும் நானும் ஏற்கெனவே முழுசாக இருக்கிறோம். என் விருப்பமும் ஏற்கெனவே உருவாகி நிற்கிறது. அந்த விருப்பம் எப்படி உருவானது, என்னை 'இப்படிப்பட்டவன்' என்று ஆக்கியது எது என்று ஃபூக்கோ ஒரு படி பின்னால் போகிறார். 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதிகாரத்தை, பிறர் செயல்மீது நிகழும் செயல் என்று விளக்குகிறார். சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடக்கும் அடிமைமீது செலுத்தப்படுவது வெறும் உடல்பலம்; அசையவும், தப்பி ஓடவும் அவனுக்குக் கொஞ்சம் வழி இருக்கும்போதுதான் அதிகார உறவு தொடங்குகிறது என்பது அங்கே அவர் சொல்லும் முக்கியமான விஷயம். எதிர்ப்புக்கான இடம் அந்த வரையறையிலேயே இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருகிறேன்.

சரி, சிறைக்கு வருவோம். ஃபூக்கோ பனாப்டிகானைப் பற்றி எழுதியது, 1975இல் வெளிவந்த, சிறையைப் பற்றிய நூலில். அது இரண்டு காட்சிகளோடு தொடங்குகிறது. ஒன்று, 1757இல் பாரிஸில் நடந்த மரண தண்டனை. பதினைந்தாம் லூயி மன்னரைக் கத்தியால் குத்திய தாமியென் என்பவரைக் கூட்டத்தின் முன்னால் சித்திரவதை செய்து, குதிரைகளைப் பூட்டி இழுத்துக் கொன்றார்கள். இன்னொன்று, அதற்கு ஏறத்தாழ எண்பது வருடம் கழித்துப் பாரிஸில் இளம் கைதிகளுக்காக எழுதப்பட்ட கால அட்டவணை. குளிர்காலத்தில் காலை 6 மணிக்கும் கோடையில் 5 மணிக்கும் நாள் தொடங்கும். 9 மணி நேரம் வேலை, 2 மணி நேரம் படிப்பு. முதல் முரசு ஒலித்ததும் எழுந்து பேசாமல் உடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது முரசுக்குப் படுக்கையைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவதுக்கு வரிசையில் நின்று பிரார்த்தனைக்குப் போக வேண்டும். முதல் காட்சியைப் படிக்கிற எவருக்கும் உடல் கூசும். இரண்டாவதைப் படிக்கும்போது ஒன்றும் ஆகாது. 'பரவாயில்லையே, ஒழுங்காகத்தானே வைத்திருக்கிறார்கள்' என்றுகூடத் தோன்றும். நமக்கு அப்படித் தோன்றுகிறதே, அதைத்தான் ஃபூக்கோ ஆராய விரும்பினார். அதிகாரம் இங்கே குறையவில்லை, வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டது என்பது அவர் வாதம்.

பனாப்டிகான் இந்த வாதத்தின் நடுவே வருகிறது. அதைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். யோசனை ஜெரமி பெந்தாமுடையது மட்டுமல்ல. அவருடைய தம்பி சாமுவேல், ரஷ்யப் பேரரசில் கிரிச்செவ் என்ற ஊரில் தொழிலாளர்களை மேற்பார்வையிட நினைத்த பட்டறைத் திட்டத்திலிருந்து பிறந்தது. அண்ணன் அங்கே போய்த் தங்கியிருந்தபோது அதைப் பற்றிக் கடிதங்களாக எழுதினார். 1791இல் அவை அச்சாயின. வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவில் காவலர் கூடம். கைதிகளுக்குக் காவலரின் நிழல்கூடத் தெரியக் கூடாது என்பதற்காகக் கூடத்தின் ஜன்னல்களுக்கு மறைப்புத் தட்டிகள்வரை யோசித்து வைத்தார். பிரிட்டிஷ் அரசு அதைக் கட்டவில்லை. பல வருட இழுபறிக்குப் பிறகு 1813இல் அவருக்கு 23,000 பவுண்ட் நஷ்டஈடு கொடுத்துக் கணக்கை முடித்தது. பிற்காலத்தில் அந்த வடிவத்தை ஒட்டிச் சில சிறைகள் எழுந்தன; 1920களில் கியூபாவில் கட்டப்பட்டது அவற்றில் பெயர்பெற்றது. ஆக, ஃபூக்கோ அதை ஒரு வரைபடமாகத்தான் எடுத்துக்கொண்டார். நிஜமான சிறைகள் நெரிசலும் குழப்பமுமாக இருந்தனவே என்று வரலாற்றாசிரியர்கள் கேட்டபோது, ஒழுங்குபடுத்த முயலும் சமூகம் வேறு, ஒழுங்குக்கு வந்துவிட்ட சமூகம் வேறு, நான் பேசுவது முதலாவதைப் பற்றி என்று பதில் சொன்னார். பலர் இந்தப் பதிலைக் கவனிக்காமல், நாம் எல்லோரும் கைதிகள் என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு தகவல். நூலின் பிரெஞ்சுத் தலைப்பு 'கண்காணித்தலும் தண்டித்தலும்' என்று பொருள்படும். 1977இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது முதல் சொல்லுக்குப் பதிலாக 'ஒழுங்கு' என்று பொருள்படும் சொல் வைக்கப்பட்டது. அதைச் சொன்னவர் ஃபூக்கோவே என்று மொழிபெயர்ப்பாளர் பதிவு செய்திருக்கிறார். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. கண் மட்டும்தான் விஷயம் என்று அவர் நினைத்திருந்தால் அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

என் கருத்தில், அந்த நூலின் மையம் காவல் கூடம் அல்ல, கோப்பு. பனாப்டிகான் வரும் அத்தியாயத்துக்குச் சற்று முன்னால் தேர்வைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். பள்ளியில் மாணவருக்கு நடப்பது, மருத்துவமனையில் டாக்டர் படுக்கை படுக்கையாகப் பார்த்துவருவது, ராணுவத்தில் அணிவகுப்பைப் பார்வையிடுவது எல்லாமே அவருக்குத் தேர்வுதான். அதில் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. ஒருவர் பார்க்கப்படுகிறார், பார்த்தது எழுதி வைக்கப்படுகிறது, எழுதியது மற்றவர்களின் பதிவோடு ஒப்பிடப்பட்டு அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது: சராசரிக்கு மேல், சராசரிக்குக் கீழ், இயல்பானவர், கவனிக்கப்பட வேண்டியவர். முன்பு அரசர்களைப் பற்றித்தான் எழுதி வைத்தார்கள். இப்போது நோயாளியையும் குற்றவாளியையும் குழந்தையையும் பற்றி எழுதுகிறார்கள். எழுதப்படுவது பெருமையாக இருந்த காலம் போய், எழுதப்படுவதாலேயே பிடிபடும் காலம் வந்தது. தமிழில் நூலின் ஒரு தலைப்புக்குக் கீழே வரும் பகுதியையும் 'அதிகாரம்' என்றே சொல்கிறோம். ஒருவரை எந்தத் தலைப்பின் கீழே கொண்டுபோய் வைப்பது என்ற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

வகுப்பில் இதை நடத்தும்போது, கடைசியாக நீங்கள் நிரப்பிய ஏதாவது ஒரு படிவத்தைக் கொண்டுவாருங்கள் என்பேன். நிரப்பிய பதில்களை மறைத்துவிட்டு, கட்டங்களின் தலைப்புகளை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். பெயர், பாலினம், பிறந்த தேதி, தந்தை அல்லது கணவர் பெயர், தொழில், பிறகு 'மற்றவை' என்று ஒரு சிறு கட்டம். ஒருமுறை ஒரு மாணவி அந்தச் சிறு கட்டத்தைக் காட்டி, "என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக்கூடிய எல்லாமே இதுக்குள்ளதான் சார் போகணும்" என்றாள். அவள் ஃபூக்கோவை அதுவரை ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவருக்கு அவள்மேல் எந்த வெறுப்பும் இல்லை. அவள் அதை நிரப்பும்போது யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை அவள் அந்தக் கட்டங்கள்தான்.

சொல்லாடல் என்று ஃபூக்கோ சொல்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சொல்லாடல் வெறும் பேச்சு அல்ல. எதைப் பற்றி, யார், எந்த இடத்திலிருந்து, எந்த வார்த்தைகளில் பேசினால் அது உண்மை என்றோ பொய் என்றோ பரிசீலிக்கவாவது படும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பு. எடுத்துக்காட்டாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1835இல் பிரான்சின் நார்மண்டியில், பியர் ரிவியேர் என்ற இருபது வயதுக் கிராமத்து இளைஞன் தன் தாயையும் தங்கையையும் தம்பியையும் கொன்றான். ஊரில் அவனைக் கிறுக்கன் என்றே நினைத்திருந்தார்கள். பிடிபட்ட பிறகு, ஏன் செய்தேன் என்று சிறையில் உட்கார்ந்து நீண்ட விளக்கம் ஒன்றை எழுதினான். அது தெளிவான, நினைவாற்றல் மிகுந்த எழுத்து. இவ்வளவு தெளிவாக எழுதுகிறவன் பைத்தியமாக இருக்க முடியாது என்றது ஒரு தரப்பு. அதே பக்கங்களைப் படித்துவிட்டு இது பைத்தியம்தான் என்றது இன்னொரு தரப்பு. உள்ளூர் மருத்துவர்களே ஒத்துப்போகவில்லை. பாரிஸின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் எஸ்கிரோல் உள்ளிட்டோர் அவன் சிறு வயது முதலே மனநோயாளி என்று எழுதிக் கொடுத்தார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1840இல் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டு இறந்தான். ஃபூக்கோவும் அவருடைய ஆய்வுக் குழுவும் 1973இல் அந்த ஆவணங்களை அப்படியே பதிப்பித்தார்கள். ரிவியேர் எழுதியதற்கு விளக்கம் சொல்ல மட்டும் அவர் மறுத்துவிட்டார். அவன் எழுதியது ஒன்றுதான். நீதிமன்றத்தின் மொழியில் போட்டால் அது குற்றத்துக்குச் சான்று, மருத்துவத்தின் மொழியில் போட்டால் நோயின் அறிகுறி. எந்த மொழி வெல்கிறது என்பதைப் பொறுத்து அவன் உயிர் ஊசலாடியது. சொல்லாடலை வெறும் பேச்சு என்று ஒதுக்க முடியாததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த வகைப்பாடுகள் ஒரே பக்கமாக வேலை செய்வதில்லை. ஒருபாலீர்ப்பை நோய் என்று வகைப்படுத்திய அதே மருத்துவச் சொற்களை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து பேசத் தொடங்கினார்கள். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. வகைப்படுத்தப்பட்டவர்கள் அந்த வகையையே திருப்பிப் போட்ட கதை இது.

இப்போது கேமராவும் கைபேசியும். இந்த இடத்தில்தான் உறுதியானதையும் சந்தேகத்துக்கு இடமுள்ளதையும் பிரித்துப் பேச வேண்டும். பனாப்டிகான் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: தான் பார்க்கப்படலாம் என்பது கைதிக்கு எப்போதும் நினைவிருக்க வேண்டும். தெருக் கேமராவில் இது ஓரளவு பொருந்தும். ஆனால் அதன் விளைவு நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. வெல்ஷ், ஃபாரிங்டன் ஆகிய குற்றவியலாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கேமராவால் குற்றம் மிதமாகத்தான் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது கார் நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றங்களில் அப்படிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. எல்லோரும் கண்ணுக்குப் பயந்து உள்ளுக்குள் அடங்கிவிட்டார்கள் என்ற படம் இதோடு ஒத்துப்போகவில்லை. மறுபக்கம், அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பைப் பற்றி 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு பயங்கரவாதம் தொடர்பான விக்கிப்பீடியாக் கட்டுரைகளைப் பார்ப்பவர்கள் குறைந்ததை 2016இல் ஜொனதன் பென்னி காட்டினார். ஆக, பார்க்கப்படுகிறோம் என்ற செய்தி சில இடங்களில் மனிதர்களை ஒதுங்கவைக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

கைபேசியில் கதையே வேறு. அது நம்மைப் பார்ப்பது நமக்கு மறந்துபோனால்தான் அதற்கு லாபம். நாம் அடங்கி உட்காருவது அதற்குத் தேவையில்லை. இஷ்டத்துக்கு ஓடி, தேடி, வாங்கி, சண்டை போட வேண்டும், அப்போதுதான் பதிவு சேரும். ஃபூக்கோ 1984இல் இறந்துவிட்டார். இதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. 1990இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டெலூஸ் எழுதிய சிறு கட்டுரை இந்த மாற்றத்தை முன்கூட்டியே தொட்டது: பள்ளி, ஆலை, சிறை என்று அடைத்து வைக்கும் காலம் போய், கடவுச்சொல்லும் மின்னணு அட்டையும் கதவைத் திறந்து மூடும் காலம் வருகிறது என்றார். 1997இல் மாத்தீசன் என்ற நார்வே சமூகவியலாளர், சிலர் பலரைப் பார்ப்பதை மட்டும் பேசினால் போதாது, பலர் சிலரைப் பார்க்கும் தொலைக்காட்சியை மறந்துவிட்டீர்களே என்று ஃபூக்கோவைத் திருத்தினார். 2019இல் அமெரிக்க அறிஞர் ஷோஷனா ஸுபாஃப், நம் நடத்தையைக் கச்சாப்பொருளாக எடுத்து, அடுத்து என்ன செய்வோம் என்ற கணிப்பாக விற்கும் பொருளாதாரம் என்று இதை விளக்கினார். என்னைக் கேட்டால், கைபேசியைப் பனாப்டிகான் என்பது தவறான உவமை; கோப்பு என்பது சரியான உவமை. யாரும் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பதில்லை. ஆனால் எழுதப்படுகிறோம், ஒப்பிடப்படுகிறோம், ஒரு தலைப்பின் கீழ் வைக்கப்படுகிறோம். அந்தத் தலைப்பைப் பொறுத்துக் கடன் கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது. இதில் நான் பேசுவது சமூகவியல் ஆசிரியனாக. அந்தக் கணிப்புகள் இயந்திரத்துக்குள் எப்படி நடக்கின்றன என்பதைத் துறை தெரிந்தவர்கள்தான் விளக்க வேண்டும்.

அப்புறம், யார் பொறுப்பு? உங்கள் சந்தேகத்தை 1981இலேயே அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃபிரேசர் எழுப்பிவிட்டார். அதிகாரம் எல்லா இடத்திலும் இருந்தால் எது நல்லது எது கெட்டது என்று எதை வைத்துச் சொல்வது, ஏன் எதிர்க்க வேண்டும் என்று கேட்டார். ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸும் ஏறக்குறைய இதையே கேட்டார். இந்த விமர்சனத்தில் பாதி சரி என்பேன். எதை வைத்து எதிர்ப்பது என்ற அளவுகோல் ஃபூக்கோவிடம் தெளிவாகக் கிடைக்காது. அதை நீதி, உரிமை பற்றிய சிந்தனைகளிலிருந்துதான் நாம் எடுத்து வர வேண்டும். ஆனால் 'எங்கும் இருக்கிறது' என்பதை 'எல்லோரிடமும் சமமாக இருக்கிறது' என்று படித்தால் அது அவர்மேல் ஏற்றும் பழி. கடைசி வருடங்களில் கொடுத்த ஒரு நேர்காணலில் அதிகார உறவையும் ஆதிக்கத்தையும் தெளிவாகப் பிரித்தார். முன்னதில் இரு பக்கமும் அசைய முடியும், நிலைமை மாறலாம். அந்த அசைவு அடைபட்டு, ஒரு பக்கமே நிரந்தரமாக இறுகிவிட்டால் அது ஆதிக்கம். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்பதோடு, இந்தப் பதிவை எழுதுவது யார், அதைத் திருத்தச் சொல்லும் வழி எனக்கு இருக்கிறதா, என்னைப் பற்றி எழுதுபவரைப் பற்றி நான் எழுத முடியுமா என்றும் கேளுங்கள். இவற்றுக்குப் பெயரும் முகவரியும் உள்ள பதில்கள் கிடைக்கும்.

இதை ஃபூக்கோ செய்தும் பார்த்தார். 1971 பிப்ரவரியில் தொமெனாக், விதால்நாக்கே ஆகிய பிரெஞ்சு அறிவுஜீவிகளுடன் சேர்ந்து சிறைகள் பற்றிய தகவல் குழு ஒன்றைத் தொடங்கினார். சீர்திருத்தத் திட்டம் எதையும் அவர்கள் முன்வைக்கவில்லை. கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கைதிகளிடமும், சிறை வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினரிடமும் சேர்த்தார்கள். சாப்பாடு எப்படி, சந்திப்பு நேரம் எவ்வளவு, டாக்டர் வருகிறாரா என்ற மாதிரிக் கேள்விகள். அதுவரை சிறை கைதிகளைத் தேர்வுக்கு உட்படுத்திக்கொண்டிருந்தது. இப்போது கைதிகள் சிறையைத் தேர்வுக்கு உட்படுத்தினார்கள். அதே வருடம் டிசம்பரில் தூல் நகரச் சிறையில் கலவரம் வெடித்தபோது, அங்கே பணிபுரிந்த மனநல மருத்துவர் எடித் ரோஸ், கைதிகளை நாள்கணக்கில் கட்டிப்போட்டு வைத்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். ஃபூக்கோ அந்த வாக்குமூலத்தைப் பற்றி எழுதினார். அந்த டாக்டர் சிறை அமைப்பைப் பற்றிப் பொதுவாக எதையும் சொல்லவில்லை, இன்ன இடத்தில் இன்னது நடந்தது, நான் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார் என்பதுதான் அவரை அசைத்தது. அந்தக் கோப்புகளை எழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரே எழுந்து பேசினார்.

நூலைப் படிக்க ஆரம்பிப்பதாக இருந்தால் பனாப்டிகான் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் இருபது பக்கங்களைப் படித்துவிட்டு, தேர்வைப் பற்றி எழுதியிருக்கும் பகுதிக்கு நேராகப் போங்கள். காவல் கூடம் பிறகு தானாகவே புரியும்.